ஒரே கிணற்றுத் தண்ணீரில் இரண்டாவது பேப்பர்: என் டேட்டாவை நானே மறுபடி எடுக்கலாமா?

கொட்டிவாக்கம்_ஸ்காலர் கேட்டது:

வணக்கம். நிலத்தடி நீரில் பிஎச்.டி. செய்கிறேன், இது நான்காவது வருடம். திருவான்மியூரில் ஆரம்பித்து கோவளம் வரை ஈசிஆரை ஒட்டி 38 கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் எடுத்திருக்கிறேன். மே மாதம் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை. ஸ்கூட்டரின் முன்னால் ஐஸ் பெட்டி, பையில் பிஎச் மீட்டரும் டிடிஎஸ் மீட்டரும், ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி அனுமதி கேட்டு, மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசிப் பிடித்து, மார்க்கரில் எண் எழுதி அதன்மேல் செல்லோடேப் ஒட்டி வைப்பேன். டேப் ஒட்டாவிட்டால் ஐஸ் உருகி எண் அழிந்துவிடும், முதல் நாளே இரண்டு பாட்டில் அப்படிப் போயின. நீலாங்கரையில் ஒரு பாட்டி இரண்டு முறையும் வாசல்வரை வந்து, "தண்ணிய குடிக்கலாமான்னு மட்டும் சொல்லிட்டுப் போம்மா, பேரனுக்குப் பவுடர் பால் கலக்குறோம்" என்றார். ரிசல்ட் வந்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் பேப்பர் போன வருடம் வந்துவிட்டது. அது கடல்நீர் உள்ளே ஊடுருவுவதைப் பற்றியது, குளோரைடு, சோடியம், தண்ணீரின் அயனி வகையைக் காட்டும் பைப்பர் வரைபடம் எல்லாம் வைத்து எழுதியது. மொத்தம் 13 அளவுகள் எடுத்திருந்ததால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று ஒரே அட்டவணையாகப் போட்டேன். நைட்ரேட்டும் அதில் ஒரு வரியாக இருக்கிறது, ஆனால் அதைப் பற்றி உள்ளே ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. இப்போது நைட்ரேட்டை மட்டும் எடுத்து இன்னொரு பேப்பர் எழுத நினைக்கிறேன். பல கிணறுகளில் அது குடிநீர் வரம்பான லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பாட்டி வீட்டுக் கிணறும் அதில் ஒன்று. ஒவ்வொரு கிணற்றுக்கும் செப்டிக் டேங்க் எவ்வளவு தூரம், வீட்டில் பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா என்பதையெல்லாம் களக் குறிப்பேட்டில் அப்போதே எழுதி வைத்திருந்தேன், அது முதல் பேப்பரில் வரவே இல்லை.

குழப்பம் என்னவென்றால், லேபில் கூட இருப்பவர் இது செல்ஃப் ப்ளேஜியரிசம், அதாவது என் பழைய பேப்பரிலிருந்து நானே திருடுவது, மாட்டினால் டிகிரியே போய்விடும் என்கிறார். என் கைடோ இதற்கு நேர் எதிர்: இதே டேட்டாவில் மூன்று பேப்பர் போடலாம், மூன்றாவதற்கு மெஷின் லேர்னிங் வைத்து நீர்த் தரக் குறியீட்டைக் கணிக்கலாம், ஒன்றில் இன்னொன்றைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டாம், ரிவ்யூவர் பழைய டேட்டா என்று தள்ளிவிடுவார் என்கிறார். நான் எழுதிய டிராஃப்டை ஒப்புமை பார்க்கும் சாஃப்ட்வேரில் போட்டதில் 31 சதவீதம் முதல் பேப்பரோடு ஒத்துப்போகிறது, பெரும்பாலும் ஆய்வுப் பகுதி விவரமும் செய்முறையும்தான். இன்னொன்றும் இருக்கிறது. முதல் பேப்பரில் அயனிச் சமநிலை (நேர் அயனிகளின் மொத்தமும் எதிர் அயனிகளின் மொத்தமும் ஒத்துப்போவது) சரியாக வராத 4 கிணறுகளை விட்டுவிட்டு 34 என்று எழுதினேன், நைட்ரேட்டுக்கு 38-ஐயும் வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. இது சரியா? எங்கே கோடு போடுவது? இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


தரமணி_போஸ்ட்டாக் எழுதியது:

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். டேட்டாவை இரண்டு தடவை பயன்படுத்தியதற்காக யாரும் மாட்டி நான் பார்த்ததில்லை. முதல் தடவை பயன்படுத்தியதைச் சொல்லாமல் விட்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் லேப் நண்பர் சொல்வதும் காற்றில் வந்ததில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2020 ஏப்ரல் 20 அன்று செல்ஃப் ப்ளேஜியரிசம் பற்றி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது, அதைத் தேடி எடுத்து ஒருமுறை முழுசாகப் படியுங்கள். ஏற்கெனவே வெளிவந்த பேப்பரை மறுபடி போடுவது, ஒரு பெரிய ஆய்வைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றும் புத்தம் புதிது என்று காட்டுவது, பயன்படுத்திய டேட்டாவை இன்னொரு இடத்தில் மறுபடி பயன்படுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வரும். ஆனால் எல்லா இடத்திலும் கூடவே ஒரு நிபந்தனை வரும்: உரிய, முழுமையான மேற்கோள் இல்லாமல் செய்தால். அந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் படித்தால் உங்கள் நண்பர் மாதிரி பயம் வரும், அதை மறந்துவிட்டு எழுதினால் உங்கள் கைடு சொல்கிற இடத்தில் போய் நிற்போம்.

டேட்டாவைத் திரும்பத் திரும்ப எடுப்பது கெட்ட பழக்கம் என்று யாராவது சொன்னால் நம் ஊர் உதாரணத்தையே காட்டுங்கள். 2001-இல் சென்னையில் தொடங்கிய க்யூர்ஸ் நீரிழிவு ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்ட 26,001 பேரைப் பரிசோதித்தார்கள். அதிலிருந்து எத்தனையோ பேப்பர்கள் வந்தன, கண் பாதிப்புக்கு ஒன்று, உணவுப் பழக்கத்துக்கு ஒன்று என்று. தலைப்பிலேயே க்யூர்ஸ் என்று போட்டுப் பக்கத்தில் வரிசை எண்ணும் கொடுத்திருப்பார்கள். படிக்கிறவருக்கு இது அதே ஆட்கள், அதே ஆய்வு, இது இத்தனையாவது பேப்பர் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் இதய ஆய்வு 1948-இல் ஆரம்பித்தது, அதன் டேட்டாவில் இன்றைக்கும் பேப்பர் வருகிறது. அவ்வளவு செலவும் உழைப்பும் போட்டுச் சேர்த்ததை ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மூடி வைப்பதுதான் எனக்கு வீண் என்று படுகிறது. அத்தனை பேர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள், அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

உங்கள் இரண்டாவது பேப்பர் தனிப் பேப்பர்தானா என்று நான் பார்க்கிற விதம் இது. முதல் பேப்பரைப் படித்து முடித்த ஒருவர் இரண்டாவதைப் படிக்காவிட்டால் அவருக்கு ஏதாவது தெரியாமல் போகுமா? முதலாவது கடல்நீரைப் பற்றியது, இரண்டாவது மலக்கழிவைப் பற்றியது, காரணம் வேறு, தீர்வு வேறு, செப்டிக் டேங்க் தூரம் என்கிற புது டேட்டாவும் இருக்கிறது. இது வேறு கேள்வி, தயங்காமல் எழுதுங்கள். மே மாத டேட்டாவுக்கு ஒரு பேப்பர், ஜனவரி டேட்டாவுக்கு ஒரு பேப்பர் என்று பிரித்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன், அதைத்தான் சலாமி ஸ்லைசிங் என்கிறார்கள்.

எடிட்டருக்கு எழுதும் கவர் லெட்டரில் முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்: இதே கிணறுகளின் தண்ணீர் மாதிரிகளை வைத்து இன்ன பேப்பர் வந்திருக்கிறது, அதில் இது இது இருக்கிறது, இதில் புதிதாக இன்னது இருக்கிறது என்று. முதல் பேப்பரின் பிடிஎஃப்பையும் கூடவே ஏற்றுங்கள். மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ கேட்பதும் இதைத்தான், உங்கள் துறை வேறாக இருந்தாலும் பழக்கம் ஒன்றுதான். பேப்பருக்குள்ளே செய்முறைப் பகுதியில் ஒரு தடவை, அட்டவணைக்கு அடியில் ஒரு தடவை என்று மேற்கோள் வர வேண்டும். அறிமுகத்தில் "முந்தைய ஆய்வுகள்" என்று பத்துப் பேரோடு சேர்த்து உங்கள் பேப்பரையும் ஒரு எண்ணாகப் போட்டுவிட்டு சொல்லிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அது சொன்ன கணக்கில் வராது.


மயிலாப்பூர்_டாக்டர் எழுதியது:

நான் மருத்துவப் பக்கம், தொகுப்பாய்வுகள் செய்கிறேன், அதாவது பலர் செய்த ஆய்வுகளின் எண்களைச் சேர்த்து மொத்தமாக என்ன தெரிகிறது என்று பார்க்கும் வேலை. "சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்" என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வாந்தியை நிறுத்த ஆன்டன்செட்ரான் கொடுப்போம், எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கும் மருந்து. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வரும் வாந்திக்கு அது எவ்வளவு உதவுகிறது என்று டிராமர் என்பவரும் அவர் குழுவும் அதுவரை வந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 1997-இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். முழுதாக வெளியான சோதனை அறிக்கைகளில் 17 சதவீதம் ஏற்கெனவே வந்தவற்றின் மறுபதிப்பு, நோயாளிகளின் டேட்டாவில் 28 சதவீதம் இரட்டிப்பு. மறுபதிப்பு என்று அவற்றில் சொல்லப்படவும் இல்லை. மருந்து நன்றாக வேலை செய்தது என்று காட்டிய சோதனைகள்தான் அதிகமாக இரண்டாம் தடவை வந்திருந்தன. அவற்றையும் தனித்தனி ஆய்வு என்று நம்பிக் கூட்டினால் மருந்தின் பலன் உண்மையில் இருப்பதைவிட 23 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. யாரும் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதவில்லை, அதே நோயாளியை இரண்டு பேராக எண்ண வைத்தார்கள், அவ்வளவுதான்.

இதை நானும் அனுபவித்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தொகுப்பாய்வுக்காக ஒரே மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டு பேப்பர்களை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் ஆசிரியர் வேறு, தலைப்பு வேறு, நோயாளிகள் ஒன்றில் 112, இன்னொன்றில் 96. வயதுச் சராசரி இரண்டிலும் தசம புள்ளி வரைக்கும் ஒன்றாக இருந்தது, ஆண் பெண் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுதிக் கேட்டேன், இரண்டு மாதம் பதில் இல்லை, மூன்றாவது மடலுக்குத்தான் "ஆமாம், அந்த 96 பேரும் 112 பேருக்குள் இருப்பவர்கள்" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரி பேப்பரிலேயே இருந்திருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சம். நான் கவனிக்காமல் இருந்திருந்தால் தப்பான எண் ஒன்று சிகிச்சை வழிகாட்டுதல் வரைக்கும் போயிருக்கும்.

அதனால்தான் உங்கள் 34, 38 விஷயம் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு யாராவது தமிழ்நாட்டுக் கடலோர நைட்ரேட் அளவுகளைத் தொகுப்பார்கள். உங்கள் முதல் பேப்பரின் அட்டவணையில் 34 கிணறுகளின் நைட்ரேட் இருக்கிறது, இரண்டாவதில் 38. அவர் இதை 72 கிணறுகள் என்று எண்ணிவிட்டால் அது அவர் தப்பில்லை.

பாட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களா? பேப்பர் வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்கக் கூடாது. காய்ச்சிக் கொடுக்கிறோம் என்பார்கள், காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.


பல்லாவரம்_கெமிஸ்ட் எழுதியது:

நான் பட்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பிஎச்.டி. சமயத்தில் ஒரு நானோ ஆக்சைடு தயாரித்து அதன் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி படத்தையும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படத்தையும் முதல் பேப்பரில் போட்டேன். அதே பேட்ச் பவுடரைச் சாயக் கழிவு நீக்கப் பயன்படுத்தி இரண்டாவது பேப்பர் எழுதும்போது அதே இரண்டு படத்தையும் எடுத்துப் போட்டேன். ஒரே பவுடர், படம் ஒன்றுதானே வரும் என்றுதான் நினைத்தேன், ஏமாற்ற நினைக்கவே இல்லை. ஆனால் முதல் பேப்பரைப் பார்த்த ரிவ்யூவரிடமே இரண்டாவதும் போயிருக்கிறது. நம் துறைகள் நாம் நினைப்பதைவிடச் சின்னவை. படம் அப்படியே இருக்கிறது, மேற்கோள் இல்லை, புதிதாகத் தயாரித்தது போல எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் எழுதிவிட்டார். பேப்பர் திரும்பி வந்தது, முதல் ஜர்னலின் எடிட்டருக்கும் தகவல் போனது, அந்த வருடம் முழுக்க விளக்கக் கடிதம் எழுதியே கழிந்தது. படத்துக்கு அடியில் "இந்தப் படம் எங்கள் முந்தைய பேப்பரில் வந்தது, அதே பேட்ச்" என்று ஒரு வரி போட்டு, வெளியீட்டாளரிடம் அனுமதியும் வாங்கியிருந்தால் எதுவும் நடந்திருக்காது. அந்த வரியை எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.


கொட்டிவாக்கம்_ஸ்காலர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர், உங்கள் பதிலைப் படித்துவிட்டு இன்றைக்குக் காலையிலேயே நீலாங்கரைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். கேன் தண்ணீருக்கு மாறிக்கொள்கிறோம் என்றார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். இதை முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, கிணறுகள் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் முதல் பேப்பரில் வந்தது, அதை நானே வரைந்தேன், மறுபடி போடலாமா? இரண்டு, கைடு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறவர் இல்லை, எனக்குச் சீக்கிரம் முடிய வேண்டும் என்று பார்க்கிறார், அவரிடம் போய் "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த வியாழக்கிழமை டாக்டோரல் கமிட்டி வேறு இருக்கிறது.


புள்ளியியல்_தாத்தா எழுதியது:

அம்மா, நான் ஓய்வு பெற்றுப் பத்து வருடமாகிறது, அதற்கு முன்னால் முப்பது வருடம் பிறர் கொண்டுவரும் டேட்டாவைப் பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வரைபடம் நீங்கள் வரைந்ததாக இருக்கலாம், ஆனால் சந்தா ஜர்னல் என்றால் காப்புரிமையைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள், அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கொடுத்திருந்தால் அனுமதி கேட்க வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் உரிமத்தில் வந்த பேப்பர் என்றால் மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். எண்களுக்கு, அதாவது குளோரைடு இவ்வளவு நைட்ரேட் இவ்வளவு என்பதற்கு, அந்தப் பிரச்சினை கிடையாது, படத்துக்கும் எழுத்துக்கும்தான். என்னைக் கேட்டால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் புதிதாக வரைந்துவிடுங்கள், எப்படியும் இந்தப் பேப்பருக்குச் சாக்கடை இணைப்பு இருக்கிற பகுதி, இல்லாத பகுதி என்று நிறம் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

31 சதவீதத்தை அப்படியே விடாதீர்கள். யுஜிசியின் 2018 விதிமுறையில் 10 சதவீதம் வரைதான் தண்டனை இல்லாத நிலை, 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை. செய்முறை ஒன்றாக இருந்தால் வாக்கியமும் கொஞ்சம் ஒத்துப்போகத்தான் செய்யும், அதைப் பல எடிட்டர்கள் புரிந்துகொள்வார்கள். அதற்காக வார்த்தைகளை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டு சதவீதத்தைக் குறைக்கும் வேலை வேண்டாம், அது படிக்கவும் சகிக்காது, உங்கள் சொந்த எழுத்தைச் சொல் மாற்றி எழுதுவதும் மேற்கோள் இல்லாவிட்டால் அந்த 2020 அறிவிப்பிலேயே வருகிறது. "மாதிரி சேகரிப்பும் ஆய்வக முறையும் முந்தைய பேப்பரில் விரிவாக உள்ளன" என்று மேற்கோளோடு எழுதிவிட்டு, நைட்ரேட்டை எப்படி அளந்தீர்கள், எத்தனை மணி நேரத்துக்குள் அளந்தீர்கள் என்பதை மட்டும் இங்கே விளக்கமாக எழுதுங்கள். இந்தப் பேப்பரை நம்புவதா வேண்டாமா என்பது அதில்தான் இருக்கிறது, முதல் பேப்பரில் அதற்கு இடம் கிடைத்திருக்காது.

4 கிணறுகள். அயனிச் சமநிலை ஏன் வரவில்லை என்று தெரியுமா? ஏதோ ஒரு அயனியின் அளவு தப்பு என்று அர்த்தம், அது நைட்ரேட்டாகவே இருந்தால் என்ன செய்வீர்கள்? பழைய பாட்டில் மிச்சம் இருந்தாலும் இப்போது அளந்து பிரயோஜனம் இல்லை, நைட்ரேட் அவ்வளவு நாள் தாங்காது. 34-ஐ வைத்து ஒருமுறை, 38-ஐ வைத்து ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள். எதை முதன்மையாக வைத்தாலும் முந்தைய பேப்பரில் ஏன் 34, இங்கே ஏன் 38 என்று வெளிப்படையாக எழுதுங்கள். மறுபடி பார்க்கும்போது முதல் பேப்பரிலேயே தப்பு இருப்பதாகத் தெரிந்தால் அந்த ஜர்னலுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்று ஞாபகம் வருகிறது. குழந்தைகளுக்கான ஆபத்துக் கணக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1.6 என்கிற எண்ணை எடுப்பீர்கள், அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு இத்தனை மில்லிகிராம் வரை உள்ளே போகலாம் என்கிற அளவு. அது நைட்ரேட்டாகச் சொன்ன அளவு இல்லை, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகச் சொன்ன அளவு. நீங்கள் அளந்தது நைட்ரேட் என்றால் அந்த எண் சுமார் 7.1 ஆக வேண்டும். மாற்றாமல் போட்டு ஆபத்தை நான்கு மடங்குக்கு மேல் கூட்டிக் காட்டும் பேப்பர்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றைப் பார்த்து நீங்களும் அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. ஒரே டேட்டாவிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டால் அது ஏதாவது ஒரு பதில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். 13 அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 78 ஜோடிகள் வரும். அவற்றில் எந்த உறவுமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.05 என்ற வரம்பில், அதாவது இருபதில் ஒன்று தப்பாக வரலாம் என்ற அளவில், சராசரியாக 4 ஜோடிகள் "முக்கியத்துவம் உள்ளவை" என்று தற்செயலாகவே வந்து நிற்கும். முதல் பேப்பரில் எத்தனை ஒப்பீடு செய்தீர்கள், இதில் எத்தனை என்று படிக்கிறவருக்குத் தெரிந்தால்தான் அவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்வார். ஒன்றைப் பற்றி இன்னொன்றில் சொல்லாமல் விட்டால் அந்த வழியே அவருக்கு அடைபட்டுப் போகிறது. நீங்கள் செப்டிக் டேங்க் தூரத்தை முன்கூட்டியே குறித்து வைத்தீர்கள், அதாவது கேள்வி டேட்டா வருவதற்கு முன்னாலேயே உங்கள் மனதில் இருந்தது. அதையும் எழுதுங்கள், பெரிய பலம் அது.

மெஷின் லேர்னிங் பேப்பர் வேண்டாம் என்பேன். நீர்த் தரக் குறியீடு என்பது நீங்கள் அளந்த அதே எண்களை ஒரு சூத்திரத்தில் போட்டு வருவது. அதே எண்களைக் கொடுத்து அந்தக் குறியீட்டைக் கணிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் அந்தச் சூத்திரத்தைத்தான் திரும்பக் கண்டுபிடிக்கும், 99 சதவீதம் துல்லியம் வந்தது என்று எழுதலாம், தண்ணீரைப் பற்றிப் புதிதாக ஒரு சொல்லும் தெரிந்திருக்காது. மொத்தம் இருப்பது 76 மாதிரிகள். அதிலும் ஒரே கிணற்றின் மே மாதிரி பயிற்சியிலும் ஜனவரி மாதிரி சோதனையிலும் போய் உட்கார்ந்தால் அது சோதனையே இல்லை.

கைடு விஷயம். தப்பு என்று சொல்ல வேண்டியதே இல்லை. நம் ஊரிலேயே சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இருக்கிறது. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் சானடோரியத்தில் சேர்ப்பதும் ஒன்றா என்று அவர்கள் செய்த ஒரே ஆய்வில், 1959-இல் முதல் முடிவு வந்தது. அடுத்த வருடம் அந்த நோயாளிகளோடு வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் தொற்றியதா என்று ஒரு பேப்பர், 1961-இல் அவர்கள் சாப்பிட்ட உணவு பற்றி ஒன்று, 1966-இல் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று ஒன்று. ஒவ்வொன்றும் வேறு கேள்வி, ஆனால் யார் இந்த நோயாளிகள் என்பதில் ஒளிவு மறைவு கிடையாது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த உதாரணத்தைச் சொல்லி, "சார், இதே மாதிரி முதல் பேப்பரையும் சொல்லியே போட்டுவிடலாம், பின்னால் யாரும் கேள்வி கேட்க முடியாது" என்று கேளுங்கள். அவர் பெயரும் பேப்பரில் இருக்கிறது, மாட்டினால் அவரும்தான் பதில் சொல்ல வேண்டும், அது அவருக்கே தெரியும்.


தரமணி_போஸ்ட்டாக் எழுதியது:

தாத்தா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 38 கிணறுகளின் முழு டேட்டாவையும் ஜெனோடோ என்ற இணைய டேட்டா களஞ்சியத்தில் ஏற்றி ஒரு டிஓஐ (நிரந்தர அடையாள எண்) வாங்கிவிடுங்கள், காசு கிடையாது. அப்புறம் எல்லாப் பேப்பரும் அந்த ஒரே டிஓஐ-யைக் காட்டும், மயிலாப்பூர் டாக்டருக்கு வந்த மாதிரி கஷ்டம் யாருக்கும் வராது. வீட்டு முகவரியோ துல்லியமான இருப்பிடமோ அதில் போக வேண்டாம், பகுதி அளவுக்கு வைத்தால் போதும், அனுமதி கொடுத்தவர்கள் வீடு அது. ஆய்வேட்டைப் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன்: ஆய்வேடு ஷோத்கங்கா என்ற இந்திய ஆய்வேட்டுத் தளத்தில் ஏறுவதற்காகப் பயப்பட வேண்டாம், பேப்பரில் வந்தது ஆய்வேட்டில் இருப்பது வழக்கம்தான், எந்த அத்தியாயம் எந்தப் பேப்பரில் வந்தது என்று முன்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.


கொட்டிவாக்கம்_ஸ்காலர் எழுதியது:

நேற்று கைடிடம் பேசினேன். சேத்துப்பட்டு உதாரணத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "சரி, கவர் லெட்டரை எழுதிக் கொண்டு வா, பார்க்கிறேன்" என்றார். மூன்றாவது பேப்பர் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. 4 கிணறுகளைத் திரும்பிப் பார்த்தேன், மூன்றில் பைகார்பனேட்டை டைட்ரேட் செய்ததில்தான் சிக்கல், நைட்ரேட் சரியாக இருக்கிறது. ஒன்றில் இன்னும் தெரியவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு 37 என்று வைக்கப் போகிறேன். 1.6 விஷயத்தில் நான் தப்பாகத்தான் போட்டிருந்தேன், மாற்றியதும் ஆபத்து வரம்பைத் தாண்டும் கிணறுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆனால் பாட்டி வீட்டுக் கிணறு இன்னும் வரம்புக்கு மேலேதான் இருக்கிறது.

கவர் லெட்டரில் எழுதியிருப்பது இது, பார்த்துச் சொல்லுங்கள்: "இந்த ஆய்வில் உள்ள தண்ணீர் மாதிரிகளில் ஒரு பகுதி கடல்நீர் ஊடுருவல் குறித்த எங்கள் முந்தைய பேப்பரிலும் பயன்படுத்தப்பட்டது. அதில் நைட்ரேட்டின் சுருக்க அளவுகள் மட்டும் ஓர் அட்டவணையில் இடம்பெற்றன. நைட்ரேட்டின் மூலம், செப்டிக் டேங்க் தூரத்தோடு அதற்குள்ள தொடர்பு, குழந்தைகளுக்கான ஆபத்து ஆகியவை இங்கேதான் முதல் முறையாக ஆராயப்படுகின்றன. முந்தைய பேப்பரின் பிரதியை இணைத்துள்ளோம்."


மயிலாப்பூர்_டாக்டர் எழுதியது:

நன்றாக இருக்கிறது. "ஒரு பகுதி" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். 37 கிணறுகளில் 34 முந்தைய பேப்பரில் வந்தவை, 3 புதிதாகச் சேர்ந்தவை, இரண்டு பருவமும் ஒன்றே என்று எண்ணாகவே எழுதுங்கள். இதே வரி பேப்பருக்குள்ளேயும், செய்முறைப் பகுதியின் முதல் பத்தியில் வரட்டும். கவர் லெட்டர் எடிட்டரோடு நின்றுவிடும், என்னைப் போல எக்செல்லில் ஏற்றுகிறவர்கள் கண்ணுக்கு அது வராது.